பாரிஸில் ஐந்து நாள்: ரெனியே டீச்சரைத் தேடி

முதல் நாள், செவ்வாய்

காலையில் விமான நிலையத்திலிருந்து ரயில் பிடித்து கார் து நோர் நிலையத்தில் இறங்கினேன். அதை ஒட்டி வடக்கே இருக்கும் லா ஷப்பேலில்தான் அறை எடுத்திருக்கிறேன். தெரு நெடுக இலங்கைத் தமிழர்களின் கடைகள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, நகைக்கடை, புடவைக்கடை எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. கொத்து ரொட்டி சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கடைக்காரத் தம்பி கேட்டார்: "பாரிசுக்கு என்னத்துக்கு வந்தனீங்கள் அக்கா? ஈபிள் டவர் பார்க்கவோ?"

"ஹார்ப் வாசிச்ச ஒரு டீச்சரோட ஊரைப் பார்க்க வந்தேன் தம்பி. நம்ம யாழ் மாதிரி வாத்தியம்."

"யாழெண்டால் எங்கட ஊர்ப் பேரல்லோ!" என்று சிரித்தார்.

சாப்பிட்டு முடிக்கும் வரை அந்த வார்த்தை மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊர்ப் பெயரில் யாழ் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது. ஆனால் வாசிக்கும் கை எப்போதோ அற்றுப்போய்விட்டது. கும்பகோணத்தில் முப்பது வருஷமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். கையிலிருந்து கைக்குப் போகாத வாத்தியம் என்ன ஆகும் என்பது எனக்குள் எப்போதும் இருக்கிற பயம். ஆன்ரியெத் ரெனியேயை நான் தேடி வந்ததற்கு அதுதான் காரணம். அவர் பெரிய ஹார்ப் கலைஞர், இசையும் அமைத்தவர். என்னை இழுத்தது அவருக்குள் இருந்த டீச்சர்.

மதியம் ஃபோபூர் புவாசோனியேர் தெருவில் தெற்கே நடந்து கொன்செர்வத்துவார் தெருவுக்குப் போனேன். பாரிஸ் இசைக் கல்லூரி 1911 வரை இந்த வளாகத்தில்தான் இருந்தது. இப்போது நாடகக் கல்லூரி. பழைய கச்சேரி அரங்கு மட்டும் அப்படியே நிற்கிறது. இசையமைப்பாளர் பெர்லியோஸின் புகழ்பெற்ற சிம்ஃபொனி 1830 டிசம்பரில் முதன்முதலாக ஒலித்தது இங்கேதான். அதில் ஒரு நடனப் பகுதிக்கு அவர் ஹார்ப் கேட்டு எழுதியிருந்தார். உள்ளே போக முடியவில்லை. வாசலில் நின்று பார்த்தேன்.

ரெனியே பிறந்தது 1875 செப்டம்பர் 18, பாரிஸில். அப்பா ஓவியர், பாடவும் செய்வார். அவர் கலந்துகொண்ட ஒரு நிகழ்ச்சியில் அல்ஃபோன்ஸ் அசெல்மான் ஹார்ப் வாசித்தார். அதைக் கேட்ட ஐந்து வயதுப் பெண், இவர்தான் எனக்கு வாத்தியார் என்று சொல்லிவிட்டதாம். எட்டு வயதில் ஹார்ப் முன் உட்கார்ந்தபோது கால் பெடலுக்கு எட்டவில்லை. அப்பாதான் பெடலுக்கு நீட்டுக்கட்டைகள் செய்து கொடுத்திருக்கிறார். பத்து வயதில் இந்தக் கல்லூரியின் போட்டியில் வாசித்தார். முதல் பரிசு கொடுத்தால் படிப்பு முடிந்ததாகிவிடும், அதற்கப்புறம் இங்கே படிக்க முடியாது. அதனால் இரண்டாம் பரிசு கொடுக்கலாம் என்று இயக்குநர் அம்புருவாஸ் தொமா சொன்னார். அடுத்த வருஷம், 11 வயதில், முதல் பரிசையே வாங்கிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பாரிஸின் பல மூலைகளிலிருந்தும் அந்தக் குழந்தையிடம் பாடம் கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் பலருக்கு இவரைப் போல இரண்டு மடங்கு வயது. குருவாக உட்காரும்போது இவர் தாவணிகூடப் போடாத வயது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

தெரு முனையில் ஒரு தேவாலயம் இருக்கிறது. உள்ளே இரும்புத் தூண்கள், மேலெல்லாம் வண்ணம் பூசிய கூரை. அதன் பெயரில் புனித செசீலியாவும் சேர்ந்திருக்கிறார். இசைக்காரர்களின் காவல் புனிதர் அவர். ரெனியே பக்தி மிகுந்த கத்தோலிக்கர். கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாம் நாள், புதன்

புதன்கிழமை மதியம் இங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது. அதனால் பாட்டு வகுப்பு, நடன வகுப்பு எல்லாம் அன்றுதான். ஊரிலிருந்தே மின்னஞ்சல் எழுதி, ஒரு ஹார்ப் டீச்சரின் வகுப்பில் உட்கார அனுமதி வாங்கியிருந்தேன். நகரின் கிழக்குப் பக்கம், நான்காவது மாடி. ரெனியேயிடம் நேராகப் படித்த ஒருவரிடம் படித்தவர் இவர். எனக்கு அது போதும்.

பெரிய ஹார்ப்பை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. 47 தந்திகள். எங்கே இருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிவதற்காக 'ஸி' தந்திகள் சிவப்பு, 'எஃப்' தந்திகள் கறுப்பு. கீழ் ஸ்தாயித் தந்திகள் உலோகம் சுற்றியவை, மேலே போகப் போக மெலிந்த நரம்பு. வீணையில் ஒரே தந்தியில் மெட்டுக்கு மெட்டு நகர்ந்து எல்லா ஸ்வரமும் எடுக்கிறோம். இதில் மெட்டே கிடையாது, ஒரு தந்திக்கு ஒரு ஸ்வரம்தான். அப்படியானால் சுத்த ரிஷபத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்கு எப்படிப் போவது?

காலால் போகிறார்கள். டீச்சர் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். அடியில் 7 பெடல்கள், இடது காலுக்கு 3, வலது காலுக்கு 4. ஏழு ஸ்வரத்துக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று படி. மேலே இருந்தால் தந்தி முழு நீளத்துக்கு அதிரும். ஒரு படி அழுத்தினால் அரை ஸ்வரம் ஏறும், இன்னொரு படி அழுத்தினால் இன்னொரு அரை ஸ்வரம். பெடலிலிருந்து கம்பிகள் முன்பக்கத்துத் தூணின் உள்ளே மேலேறி, வளைந்த கழுத்துக்குள் போகின்றன. அங்கே ஒவ்வொரு தந்திக்கும் மேலொன்று கீழொன்றாகச் சின்னப் பித்தளை வட்டுகள், வட்டுக்கு இரண்டு முளை. டீச்சர் பெடலை அழுத்தினார். வட்டு திரும்பி, முளைகள் இரண்டும் தந்தியைக் கவ்விப் பிடித்தன. அவ்வளவு நீளம் குறைந்துபோகிறது. ஒரு தந்தி மட்டுமில்லை, எல்லா ஸ்தாயியிலும் அதே பெயருள்ள தந்திகள் அத்தனையும் ஒரே அழுத்தில் மாறிவிடுகின்றன! வாத்தியம் செய்யும் செபஸ்தியான் எரார் 1810-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. இருநூறு வருஷம் தாண்டியும் அடிப்படை மாறவில்லை.

அப்புறம் பாடம். ஏழெட்டு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை சின்ன ஹார்ப்பில் உட்கார்ந்தாள். சின்ன ஹார்ப்புக்குப் பெடல் கிடையாது. மேலே கையால் திருப்பும் பிடிகள்தான். டீச்சர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மீட்டுவதற்கு முன்பே அடுத்த ஸ்வரங்களுக்கான விரல்களைத் தந்தியில் வைத்துவிட வேண்டும். மீட்டியதும் விரல் உள்ளங்கைக்குள் போய்ப் படுக்க வேண்டும். கட்டைவிரல் நிமிர்ந்து நிற்கணும். சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை, நாலு விரல்தான். குழந்தை மீட்டினாள், விரல் வெளியே நீண்டு நின்றது. டீச்சர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. தன் கையை அவள் கைக்கு அடியில் வைத்து, அந்த விரலை மெதுவாக உள்ளே மடக்கினார். மறுபடி. மறுபடி. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ விரல் தானாகப் போய்ப் படுத்தது. சத்தமும் மாறியது. முன்பு 'டிங்' என்று வறண்டிருந்த ஒலி இப்போது உருண்டு வந்தது.

நான் என் பாட்டியிடம் கற்றுக்கொண்டதும் இப்படித்தான். வாயால் சொன்னது கொஞ்சம், கைமேல் கை வைத்தது நிறைய.

வகுப்பு முடிந்து என்னையும் வாசிக்கச் சொன்னார்கள். வீணை வாசித்துக் காய்ப்பேறிய விரல்தான். ஆனாலும் பதினைந்து நிமிஷத்தில் கட்டைவிரல் பக்கவாட்டில் கொப்புளம் வந்துவிட்டது. தந்தி தொடும் இடம் வேறு.

மூன்றாம் நாள், வியாழன்

காலையில் மெட்ரோ 5-ஆம் எண் தடத்தில் போர்த் து பந்தான். அங்கே இசை அருங்காட்சியகம். பக்கத்திலேயே இசைக் கல்லூரியின் இன்றைய கட்டடம், 1990-லிருந்து அது இங்கேதான் இயங்குகிறது. அருங்காட்சியகத்தில் பழைய ஹார்ப்புகளின் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றேன். பொன்முலாம் பூசிய தூண், மலர்க்கொடிச் செதுக்கல், பலகையில் சின்னச் சின்ன ஓவியங்கள். வரவேற்பறையில் சீமாட்டிகள் வாசிக்கும் அலங்காரப் பொருளாக ஹார்ப்பைப் பார்த்த காலத்தின் வேலைப்பாடு அது. ரெனியே காலத்திலும் அந்த நினைப்பு முழுசாகப் போயிருக்கவில்லை. ஹார்ப் என்றால் ஆர்க்கெஸ்ட்ராவில் ஓரமாக நின்று அலையடிக்கிற வாத்தியம். தனியாக முன்னால் உட்கார்ந்து, பின்னால் இருக்கும் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஈடாகப் பேச முடியும் என்று நம்பியவர்கள் கொஞ்சம்.

அதை ரெனியே 1901-ல் செய்து காட்டினார். ஸி மைனரில் ஒரு கொன்செர்த்தோ, அதாவது தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. இசைக் கல்லூரியில் படிக்கும்போதே தொடங்கி வைத்திருந்தது. அவருடைய ஆசிரியர் தெயோதோர் துபுவா சொன்னதால் நடத்துநர் கமீல் ஷெவியாரிடம் காட்டினார். அவர் லாமுரே என்ற கச்சேரித் தொடரில் அதைச் சேர்த்துக்கொண்டார். எழுதியதும் இவர், வாசித்ததும் இவர். பெண் ஒருத்தி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுவதே அரிதான காலம்.

அதே சமயத்தில் வாத்தியத்துக்குள்ளேயே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பிளெயேல் நிறுவனம் பெடலே வேண்டாம் என்று, அரை ஸ்வரங்களுக்கும் தனித்தந்தி போட்டு, இரண்டு வரிசைத் தந்திகள் குறுக்காகப் போகும் ஹார்ப்பைக் கொண்டுவந்தது. அதற்காக 1904-ல் இசையமைப்பாளர் தெபுஸ்ஸியிடம் இரண்டு நடனங்கள் எழுதி வாங்கியது. எரார் நிறுவனம் விடுமா? தங்கள் பெடல் ஹார்ப்புக்காக 1905-ல் இன்னொரு இசையமைப்பாளர் ரவேலிடம் எழுதி வாங்கியது. ரெனியே பெடல் ஹார்ப் பக்கம். தெபுஸ்ஸியின் அந்த நடனங்களையே பெடல் ஹார்ப்புக்கு மாற்றி மேடையில் வாசித்தார். வாக்குவாதம் செய்வதைவிட அது நல்ல பதில். இன்று உலகம் முழுக்க அந்த நடனங்களைப் பெடல் ஹார்ப்பில்தான் வாசிக்கிறார்கள்.

மாலையில் மாய் தெரு, 13-ஆம் எண். எரார் குடும்பத்தின் வீடும் பட்டறையும் கச்சேரிக்கூடமும் இருந்த இடம். மழை தூறிக்கொண்டிருந்தது. கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள், வெள்ளி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மத்ரித் தெரு. 14-ஆம் எண்ணில் இருக்கும் கட்டடத்துக்குத்தான் 1911-ல் இசைக் கல்லூரி இடம் மாறியது. அதற்கு முன்னால் அது இயேசு சபையாரின் பள்ளிக்கூடம். இந்த விவரம் தெரிந்துகொண்டுதான் எதிர் நடைபாதையில் நின்றேன். ஏனென்றால் அடுத்த வருஷம் நடந்தது இது.

கல்லூரியின் ஹார்ப் பேராசிரியரான அசெல்மானுக்கும் ரெனியேவுக்கும் இடையில் பல வருஷமாகக் கசப்பு. மாணவி தன்னைத் தாண்டிப் பேர் வாங்கினால் சில குருமார்களுக்குத் தாங்காது, நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். ரெனியே தயார் செய்து அனுப்பிய மார்செல் கிராஞ்ஜனி என்ற பையனை முதல் தடவை கல்லூரியில் சேர்க்கவே அசெல்மான் மறுத்தாராம். அடுத்த முறை சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன் 13 வயதில் முதல் பரிசு வாங்கினான். 1912-ல் அசெல்மான் நோயில் விழுந்தார். அப்போது மனம் மாறி, எனக்குப் பின் இந்த இடத்துக்கு நீதான் வரவேண்டும் என்று ரெனியேயிடமே சொன்னார். ஆனால் அது அரசுக் கல்லூரி. நியமனம் அமைச்சகத்தின் கையில். 1905-ல் அரசையும் திருச்சபையையும் பிரித்துச் சட்டம் போட்டு ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. வெளிப்படையாகக் கத்தோலிக்கராக வாழ்ந்த ஒரு பெண்ணை அரசுப் பதவியில் உட்கார வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இடம் மார்செல் தூர்னியேவுக்குப் போனது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரும் அசெல்மானின் மாணவர், ஹார்ப்புக்கு அருமையாக எழுதியவர், 1948 வரை கற்பித்தார். ஆனாலும் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கோபம் வந்தது. பதினோரு வயதில் முதல் பரிசு, சொந்தக் கொன்செர்த்தோ, தயார் செய்த மாணவர்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் ஒரு டீச்சருக்கு?

ரெனியே வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். 1914-ல் தன் பெயரில் ஒரு ஹார்ப் போட்டியையும் தொடங்கினார். கல்லூரிக்கு வெளியே இருந்தபடியே ஒரு தேர்வு, ஒரு பரிசு! உலகப் போர் வந்தது. பாடம் சொல்லித்தான் பிழைப்பு. அதற்கிடையில் கஷ்டப்படும் கலைஞர்களுக்குப் பணம் சேர்க்கக் கச்சேரி கச்சேரியாக வாசித்தார். நகரத்தில் குண்டு விழுந்த நாட்களிலும் நிறுத்தவில்லை. 1920-களில் இசைத்தட்டுகள் பதிவு செய்தார். நன்றாக விற்றன. ஆனால் பதிவு அவரை ரொம்பவே களைக்க வைத்ததால் பிறகு வந்த ஒப்பந்தங்களை மறுத்துவிட்டார். நான் முதலில் கேட்டது அந்தப் பதிவுகளில் ஒன்றைத்தான். இரைச்சலுக்கு நடுவில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழுந்தது.

அந்தக் கிராஞ்ஜனி பின்னாளில் அமெரிக்கா போனார். நியூயார்க்கின் ஜூலியர்ட் பள்ளியில் 1938 முதல் 1975-ல் இறக்கும் வரை ஹார்ப் கற்பித்தார். இன்னொரு மாணவி மில்ட்ரெட் டில்லிங். திரைப்பட நகைச்சுவை நடிகர் ஹார்ப்போ மார்க்ஸுக்குப் பாடம் சொன்னவர் அவர். கடைசிக் காலத்து மாணவிகளில் ஒருவரான சூசன் மெக்டொனால்ட் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மிகப் பெரிய ஹார்ப் துறையை நடத்தினார். வீணையில் தஞ்சாவூர் பாணி, மைசூர் பாணி என்கிறோமே, அதுபோல ஹார்ப்பிலும் உண்டு. அசெல்மானிடமே படித்து அமெரிக்கா போன கார்லோஸ் சால்செதோவின் மாணவர்கள் முழங்கையைத் தூக்கி வைத்து வாசிப்பார்கள். ரெனியே, கிராஞ்ஜனி வழியில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் பாணி என்பார்கள். எந்தப் பாணி உசத்தி என்று நேற்று முன்தினம் அந்த டீச்சரிடம் கேட்டேன். "என் வாத்தியாரின் கையைத்தான் நான் பார்த்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

மத்ரித் தெருவை வெட்டிப் போவது ரோம் தெரு. வரிசையாக வயலின் செய்பவர்கள், இசைப் புத்தகக் கடைகள். கல்லூரி இங்கிருந்த காலத்தில் முளைத்தவை இன்னும் நிற்கின்றன. ஒரு கடையில் ரெனியே எழுதிய ஹார்ப் பாடமுறையின் முதல் தொகுதியை வாங்கினேன். இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது பதிப்பாளர் லெதுயிக் கேட்டுக்கொண்டதால் எழுதியது, 1946-ல் வெளிவந்தது. இரண்டு தொகுதி. அப்போது அவருக்கு 70 வயது. எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது, ஆனால் கையின் படங்கள் புரிகின்றன. தந்தியில் வைத்த விரல்கள், நிமிர்ந்த கட்டைவிரல். புதன்கிழமை நான் பார்த்த கைதான். கடையில் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினேன். விற்பனைக்கு இருந்த பெண், உட்கார்ந்து பாருங்கள் என்று ஒரு முக்காலியை நகர்த்திவிட்டார்.

சேவையைப் பாராட்டி பிரான்சின் உயரிய அரசு விருதான லெஜியோன் தொனருக்கு 1922-லேயே அவர் பெயர் போயிருக்கிறது. மத நம்பிக்கையைக் காரணமாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். கொடுத்தது 1954-ல்.

ஐந்தாம் நாள், சனி

நாளைக் காலை விமானம். இன்று மாலை அந்த டீச்சரின் மாணவர்கள் வாசிக்கும் சின்ன நிகழ்ச்சி. நாற்பது நாற்காலி, பெரும்பாலும் பெற்றோர்கள்.

கடைசியாக, பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ரெனியேயின் 'லெஜாந்த்' வாசித்தாள். லெகோந்த் து லீல் என்ற கவிஞரின் ஒரு கவிதையை வைத்து எழுதியது. ஒரு வீரன் இரவில் காட்டு வழியே குதிரையில் தன் மணப்பெண்ணிடம் போகிறான். வழியில் வனதேவதைகளின் ராணி மறிக்கிறாள். எதைக் கொடுத்தாலும் அவன் மசியவில்லை. அவள் வெள்ளை விரலால் அவன் நெஞ்சைத் தொடுகிறாள். மேலே போனால் எதிரே அவனுடைய மணப்பெண்ணின் ஆவி நிற்கிறது. அவன் செத்து விழுகிறான்.

அந்தப் பெண் கீழ்த் தந்திகளில் குதிரை ஓட்டத்தைத் தொடங்கியதுமே நாற்காலியின் அடிப்பலகை அதிர்ந்தது. மேலே தேவதைகள் ஆடும் இடத்தில் இரண்டு கையும் ஓடும் வேகத்தில் விரல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் கால்களைப் பார்த்தேன். கைக்குச் சமமாகக் காலும் ஓடியது. பெடலைப் படியில் போட்டு எடுக்கும் சத்தம் வெளியே கேட்கவே இல்லை. ராணி தொடும் இடம் வந்ததும் எல்லாம் நின்று ஒற்றை ஸ்வரம் வந்தது. அது அடங்கும் வரை அவள் கையை எடுக்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ரெனியே 1955 டிசம்பரில் தன் 80-ஆவது வயதில் ஒரு கச்சேரியில் இதை வாசித்தார். இதை வாசிப்பது இதுவே கடைசி என்று சொல்லித்தான் வாசித்தாராம். உடம்பு முழுக்க நோவு, நரம்பு வலி, மார்ச்சளி எல்லாம் இருந்த காலம். 1956 மார்ச்சில் இறந்துபோனார்.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் பழச்சாறும் கேக்குமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் விடைபெறப் போனபோது, புதன்கிழமைக் குழந்தை யாருக்கும் தெரியாமல் பெரிய ஹார்ப்பின் முன் முக்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கால் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கியது. டீச்சர் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நல்ல உடுப்போடு அப்படியே தரையில் மண்டியிட்டு, ஒரு பெடலைக் கையால் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து ஏதோ சொன்னார். குழந்தை சிவப்புத் தந்தியில் விரலை வைத்து மீட்டினாள், விரலை உள்ளே மடக்கினாள். ஒலி நின்றுகொண்டிருக்கும்போதே டீச்சர் பெடலை ஒரு படி இறக்கினார். ஸ்வரம் மேலே ஏறியது. குழந்தை வாயைத் திறந்தபடி கீழே டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு தடவை விரலை வைத்தாள்.